ரியாக்ட் என்று சொன்னது நான்தான்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கணினி அறிவியல், கணினிப் பயன்பாட்டியல் துறைகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

2024 மே மாதம், தென் மாவட்டத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் போர்டு ஆஃப் ஸ்டடீஸ், அதாவது பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். தொழில்துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒருவர் நான். காலை பத்தரைக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்குச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டோம். அதற்குள் பதினான்கு தாள்கள். 'வெப் டெக்னாலஜி' தாளை எடுத்தபோது மணி பன்னிரண்டரை இருக்கும். துறைத் தலைவர் என் பக்கம் திரும்பி, "சார், இண்டஸ்ட்ரில இப்ப எது ஓடுது? ரியாக்ட்டா, ஆங்குலரா?" என்று கேட்டார். இரண்டும் வலைப்பக்கங்களைக் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்புகள். "ரியாக்ட்" என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது. ஐந்தாம் அலகில் இருந்த, உலாவிகள் எப்போதோ கைவிட்டுவிட்ட ஜாவா ஆப்லெட்டை அடித்துவிட்டு அந்த இடத்தில் ரியாக்ட் என்று எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். பயணப்படியைக் கவரில் வைத்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. மற்ற கல்லூரிகள் வெளியிட்டிருக்கும் பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் பல இடங்களில் இதே கதைதான். சில இடங்களில் ஆங்குலர், சில இடங்களில் நோட் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்), சில இடங்களில் இன்னும் ஆப்லெட். எந்தப் பெயர் என்பது அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்த 'இண்டஸ்ட்ரி' ஆள் யார் என்பதைப் பொறுத்தது. அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2025 ஜனவரிக் கடைசியில் ஒருநாள் இரவு அந்தக் கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் போன் செய்தார். என் எண்ணைத் துறையில் வாங்கியிருக்கிறார். "அண்ணா, ஏழாவது எக்சர்சைஸ் யாருக்குமே ஓடலண்ணா. சிவப்பு சிவப்பா வருது." திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஆய்வகக் கையேட்டில் முதல் கட்டளையே 'கிரியேட் ரியாக்ட் ஆப்', புது ரியாக்ட் புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கித் தரும் கருவி. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ரியாக்ட்டின் 19ஆம் பதிப்பு வந்திருந்தது. பழைய கட்டளை புதிய பதிப்பை இழுத்துவர, கூடவே வந்த இன்னொரு பேக்கேஜ் 'எனக்கு 18தான் வேண்டும்' என்று அடம்பிடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட, பேக்கேஜுகளை இறக்கித் தரும் என்பிஎம் கையை விரித்துவிட்டது.

வேறு வழி சொல்லிக்கொடுத்தேன். வீட் என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் இரண்டு நிமிட வேலை. மறுநாள் திரும்பவும் போன். "அண்ணா, மேம் வேண்டாம்னுட்டாங்க. மேனுவல்ல இருக்கறத மாத்துனா எக்ஸ்டர்னல் ஒத்துக்க மாட்டாராம்." அந்த மேம் மேல் எனக்குக் கோபம் இல்லை. எக்ஸ்டர்னலாக, அதாவது வெளித்தேர்வாளராக, வருபவர் கையில் இருக்கப்போவதும் அதே அச்சிட்ட தாள்தான். பிப்ரவரி 14ஆம் தேதி ரியாக்ட் குழுவே, புதிதாகத் தொடங்குபவர்கள் இனிமேல் கிரியேட் ரியாக்ட் ஆப்பைத் தொட வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. நாம் கையெழுத்துப் போட்டு ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. பாடத்திட்டமோ மூன்று வருடத்துக்கு.

அப்புறம் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்டேன். லேப் பொறுப்பாளர் தன்னிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய புராஜெக்ட் ஒன்றை, நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரோடு சேர்த்து, பென் டிரைவில் போட்டு ஒவ்வொரு கணினியாக நகலெடுத்திருக்கிறார். அந்த ஃபோல்டருக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் குட்டிக் குட்டிக் கோப்புகள். பென் டிரைவில் அதை நகலெடுப்பது எப்படி இருக்கும் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லேப் நேரத்தில் பாதி அதற்கே போயிருக்கிறது. மிச்ச நேரத்தில் 'ஹலோ வேர்ல்டு' என்ற வரியில் தங்கள் பெயரைப் போட்டுப் பார்த்து, நிரலை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ரெக்கார்டு நோட்டு! நானும் எழுதியவன்தான். வலப்பக்கம் கோடு போட்ட தாளில் நீல மையில் எச்.டி.எம்.எல். நிரல். இடப்பக்கம் கோடில்லாத தாளில் பென்சிலால் 'அவுட்புட்'. ஸ்கேல் வைத்து உலாவியின் சன்னலை வரைந்து, உள்ளே 'சப்மிட்' பட்டனை வரைந்து, அது பட்டன் என்று தெரிவதற்காக வலது ஓரத்தில் லேசாக நிழல் தீட்டுவோம். பக்கத்து பெஞ்சு நண்பன் ஒருவன் மார்க்கீயில் ஓடும் எழுத்தை எப்படி வரைவது என்று தெரியாமல் அம்புக்குறி போட்டு 'மூவிங்' என்று எழுதிவைத்தான். சிரிப்பாக இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கையால் எழுதியதால் எந்தக் குறியைத் திறந்தேன், எதை மூடவில்லை என்பது இன்றைக்கும் கண்ணில் படுகிறது. அந்த நோட்டில் இருந்த ஃபார்ம் (படிவம்), ஆங்கர் (இணைப்பு) குறிகள் இன்றைய வேலையிலும் அப்படியே இருக்கின்றன. மார்க்கீயும் ஃபான்ட்டும் சென்டரும்தான் தரநிலையில் காலாவதி ஆகிவிட்டன.

1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் வலைத்தளத்தின் பிரதியை அதன் பழைய முகவரியிலேயே இப்போதும் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் திறந்து பாருங்கள். திறக்கும், இணைப்பைத் தொட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகும். நான் 2019இல் எழுதிய ரியாக்ட் புராஜெக்ட் ஒன்றை 2022இல் தூசி தட்டி எடுத்தேன். வாடிக்கையாளர் தன் தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான் வேலை. இடையில் நோட் 17ஆம் பதிப்பில் உள்ளே இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் மாறிவிட்டிருந்தது. கோப்புகளை ஒன்றாகக் கட்டித் தரும் பழைய வெப்பேக்குக்கு அது ஒத்துவரவில்லை. 'டிஜிட்டல் என்வலப்' என்று ஏதோ தபால் ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி ஒரு பிழைச்செய்தி வந்தது. ஏற்கெனவே சர்வரில் ஏற்றிய பக்கம் உலாவியில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பத்து இலக்கத்தை மாற்றத்தான் ஒரு பகல் முழுக்கப் போயிற்று.

நான் ரியாக்ட்டைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். என் வீட்டுக் கடன் அதில்தான் அடைந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது என் வேலையில் எத்தனாவது கருவி என்பதை அன்றைக்கு உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

2006இல் எம்.சி.ஏ. முடித்து மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் இருந்த கடையில் சேர்ந்தேன். சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு. நகைக்கடை, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, இவற்றுக்கெல்லாம் வலைத்தளம். போட்டோஷாப்பில் வரைந்த படத்தைத் துண்டு துண்டாக வெட்டி டேபிளுக்குள் அடுக்க வேண்டும். ஒரு பிக்சல் தள்ளிப்போனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 உலாவியில் நகைக்கடைக்காரரின் முகம் இரண்டாகப் பிளந்து தெரியும். முகப்பில் ஃபிளாஷ் அசைபடம் இருந்தே ஆக வேண்டும். திரை விலகும், குத்துவிளக்கு எரியும், வீணை ஒலிக்கும். பார்க்க வந்தவர் 'ஸ்கிப் இன்ட்ரோ' எங்கே என்று தேடுவார்.

ஃபிளாஷ் வேலையைப் பார்த்தவர் எங்களுக்கு மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் அவர் செய்ததை மதுரையில் அப்போது வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடல் எழுதினார், ஐபோனிலும் ஐபேடிலும் ஃபிளாஷுக்கு ஏன் இடமில்லை என்று. கோரிப்பாளையத்தில் அதை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக "என் மகன் போன்ல நம்ம சைட்டு வெள்ளையா தெரியுதே" என்று வந்தார்கள். அடோபி ஒருவழியாக 2020 டிசம்பர் 31ஆம் தேதி ஃபிளாஷை முடித்துவைத்தது. எங்கள் கடையில் அது 2012லேயே முடிந்துவிட்டது. அண்ணன் இப்போது கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி வரும். அவரைவிட நான் கெட்டிக்காரன் இல்லை. அவருக்கு ஃபிளாஷ் நன்றாக வந்ததால் அதையே கொடுத்தார்கள். எனக்கு எதுவும் அந்த அளவுக்கு வராததால், சர்வரில் ஏற்றுவது, டொமைன் கட்டுவது, மெயில் ஏன் வரவில்லை என்று பார்ப்பது என்று எல்லா எடுபிடி வேலையும் என் தலையில் விழுந்தது. அந்த எடுபிடி வேலைதான் இன்றுவரை சோறு போடுகிறது.

சென்னைக்கு வந்தபின் ஜேக்குவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். 2014இல் ஆங்குலர்ஜேஎஸ். மூன்று மாதம் ராத்திரி உட்கார்ந்து படித்து, அலுவலகத்தில் 'ஆங்குலர் ஆள்' என்று பெயர் வாங்கினேன். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் ஒன்று, உள்ளே எல்லாம் வேறு. இரண்டு வருடம் எழுதியதைத் திரும்ப எழுதினோம். 2019 பிப்ரவரியில் ரியாக்ட்டில் ஹூக்ஸ் என்ற புது எழுதுமுறை வந்தபோது, அதற்கு முந்தைய வருடம்தான் கிளாஸ் வைத்து எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு நான் வீடியோ பார்த்துக் குறிப்பெடுப்பதைப் பார்த்துவிட்டு, "படிச்சு முடிச்சுத்தானேடா வேலைக்குப் போன? இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து வருட அனுபவத்தோடு மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் உட்காரும் கூச்சத்தை இருபத்து நாலு வயதுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தும்போதுதான் முழுதாக உணர முடியும்.

ஒவ்வொரு தடவையும் தப்பித்தது எப்படி என்று யோசித்தால், அடியில் ஒன்று மாறாமல் இருந்தது. உலாவி கேட்கிறது, சர்வர் பதில் சொல்கிறது. பதிலின் தலையில் 200, 301, 404, 500 என்று ஓர் எண். கூடவே இது என்ன வகை, எந்த எழுத்துக்குறியீடு என்று ஒரு சீட்டு. குக்கி ஒன்று வந்து போகிறது. நகைக்கடை தளத்திலும் இதுதான் நடந்தது, இப்போது பார்க்கும் வங்கி வேலையிலும் இதுதான் நடக்கிறது. மேலே இருக்கும் சட்டை மட்டும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. உங்கள் தாளில் இந்த அடிப்பகுதிக்கு முதல் அலகில் ஒன்றரை வரி. 'இன்ட்ரொடக்‌ஷன் டு எச்.டி.டி.பி.' என்று. வகுப்பில் அதை ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுகிறார்கள். மீதி நாலு அலகும் சட்டை.

நம் பிள்ளைகளுக்கு இந்த அடிப்பகுதியில் இன்னொன்றும் தெரிந்தாக வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர்கள் தமிழை டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள். பெரும்பாலும் பாமினி எழுத்துரு. 'அம்மா' என்று திரையில் தெரிவதற்குப் பின்னால் இருப்பவை ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு வந்து சேர்ந்தால் அம்மா, வராவிட்டால் குப்பை. மெஸ் நடத்தும் ஒருவர் "கூகுள்ல எங்க மெஸ் பேரத் தமிழ்ல போட்டா வரவே மாட்டேங்குதே தம்பி" என்று வருத்தப்பட்டபோது, உங்கள் பக்கத்தில் தமிழே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு ஒருங்குறியை (எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டை) ஏற்று ஆணை போட்டது. நாங்கள் அதற்கு முன்பே ஒவ்வொரு தளமாக ராவோடு ராவாக மாற்றத் தொடங்கியிருந்தோம்.

ஒருங்குறி வந்ததும் தொல்லை தீரவில்லை, வேறு மாதிரி ஆனது. தமிழ் எழுத வேண்டிய இடத்தில் மேலே சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் அதே ஏ, அதே ஆர் என்று வரிசையாக வந்தால் ஒருவர் ஒருங்குறியைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் எழுதியதை இன்னொருவர் லத்தீன் என்று நினைத்துப் படிக்கிறார் என்று அர்த்தம். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை இன்னும் மோசம், தகவல் தரவுத்தளத்துக்குள் போகும்போதே செத்துவிட்டது. முதலாவதைக் காப்பாற்றலாம், இரண்டாவதை முடியாது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்ததால் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை நான் மீட்டுக்கொடுத்தேன். தெரியாததால் இன்னொரு பட்டியலை அதற்கு முன்பே நானே கெடுத்தும் இருக்கிறேன். எல்லோரையும் திரும்ப வரவழைத்துப் பெயரைக் கேட்டு எழுதினார்கள்.

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: 'முத்துலட்சுமி' என்பதில் எத்தனை எழுத்து? தமிழாசிரியர் ஏழு என்பார், சரிதான். ஜாவாஸ்கிரிப்டில் நீளம் கேட்டால் 13 வரும். ம தனி, உகரக் கொம்பு தனி, த தனி, புள்ளி தனி. வட்டில் அது பிடிக்கும் இடம் 39 பைட், ஒவ்வொன்றுக்கும் மூன்று. இப்போது பெயருக்கு இருபது என்று வரம்பு வைத்து, பி.எச்.பி.யின் சாதாரண சப்ஸ்ட்ரிங் கட்டளையால் வெட்டினால் என்ன ஆகும்? அது பைட்டை எண்ணும். பதினெட்டு பைட்டில் 'முத்து' முடிந்துவிடும். மிச்ச இரண்டு பைட் 'ல'வின் முக்கால் உடம்பு கூட இல்லை. திரையில் முத்து என்று எழுதி, பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். போன வருடம் நான் எடுத்த நேர்முகத் தேர்வுகளில் இதைத்தான் கேட்டேன். இந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ரியாக்ட் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் பலரும் "ஃபான்ட் பிரச்சினை சார்" என்றார்கள்.

மாணவர் ஒருவர் எழுதிக் காட்டிய படிவத்தில் இன்னொரு கூத்து. 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்', இரண்டும் கட்டாயம். எழுதியவருக்கே லாஸ்ட் நேம் கிடையாது, அவர் அப்பாவுக்கும் கிடையாது, இனிஷியல்தான். சோதிக்கும்போது அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். "ஏம்ப்பா, உன் பேரே உன் பாரத்துல நுழையலையே" என்றேன். சிரித்துக்கொண்டே, "டுடோரியல்ல அப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருவருக்கு மூன்று தாள், நடுவில் நாக் தரமதிப்பீட்டுக் கோப்பு, தேர்வுப் பணி, சேர்க்கைக்கு வீடு வீடாக அலைவது. புதுக் கருவி வரும்போதெல்லாம் நீங்களும் ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ பார்க்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் கேட்பது உங்கள் வேலையைக் குறைக்கும்.

கருவியின் பெயரைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 'தற்போது புழக்கத்தில் உள்ள ஏதேனும் ஒரு நிரல்சட்டகம்' என்று ஒரே வரி எழுதி, எதை எடுப்பது என்பதை அந்தந்த வருடம் பாடம் நடத்துபவர் கையில் விட்டுவிடுங்கள். எக்ஸ்டர்னலுக்கும் அதே வரிதான் போகும். 'மேனுவலில் இல்லை' என்று யாரும் யாரையும் தடுக்க வேண்டியிருக்காது. முதல் ஆறு வாரம் எதையும் இறக்குமதி செய்யாமல், நோட்பேடும் உலாவியும் மட்டும் போதும். கல்லூரி வைஃபை போனாலும் லேப் நடக்கும். உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து, போவது என்ன வருவது என்ன என்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துப் பழகியவருக்கு எந்தச் சட்டகமும் ஒரு மாதத்தில் பிடிபடும் என்பதற்கு நானே சாட்சி.

ரெக்கார்டு நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது, இருபது வருடமாக அசையாமல் நிற்கிறது, வேலை பார்க்க இணையமே தேவையில்லை. ஒவ்வொரு வாரமும் மாணவர் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு வரி எழுதிப் பதிந்தால், செமஸ்டர் முடிவில் அதுவே ரெக்கார்டு. பக்கத்து பெஞ்சில் இருந்து நகலெடுத்ததும் அதில் பல்லைக் காட்டிவிடும், ஒரே ராத்திரியில் பன்னிரண்டு பயிற்சியும் பதிந்திருக்கும்.

பழைய புராஜெக்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சீனியர்கள் விட்டுப்போன நூலக மேலாண்மை, பேருந்துப் பதிவு, மாணவர் வருகை எல்லாம் துறை அலமாரியில் சிடியாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இதில் தமிழ்ப் பெயர் ஏறும்படி செய் என்று சொல்லுங்கள். பத்தொன்பது வருடத்தில் நான் வெற்றுத் தாளில் தொடங்கிய வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் யாரோ எழுதிவிட்டு வேலையை விட்டுப்போன நிரலைப் புரிந்துகொண்டு, உடையாமல் ஒரு மூலையை மாற்றியதுதான். இப்போது அந்த 'யாரோ' பெரும்பாலும் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எங்கள் அலுவலகத்தில் புதிதாக எழுதுவது குறைந்து, எழுதிவந்ததைப் படித்துச் சரிபார்ப்பது கூடிவிட்டது. பைட்டை எண்ணி வெட்டும் அந்தச் சப்ஸ்ட்ரிங் வரியை எங்கள் திட்டம் ஒன்றில் அது எழுதிக்கொடுத்தது. பார்க்க அழகாக, குறிப்புரையெல்லாம் போட்டு எழுதியிருந்தது. நாலு பேர் பார்த்தும் தாண்டிப் போய்விட்டது. ஐந்தாவதாகப் பார்த்த பெண் பிடித்தார். அவர் சிவகாசிப் பக்கத்தில் பி.எஸ்சி. முடித்தவர். கல்லூரியில் படிக்கும் காலத்திலிருந்தே மாமாவின் பட்டாசுக் கடை விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டவர். 'தரைச் சக்கரம்' பாதியில் அறுந்து அவர் கையில் எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறது.

பிளேஸ்மென்ட் அதிகாரி ஒத்துக்கொள்ள மாட்டார், கம்பெனிகள் ரியாக்ட் கேட்கின்றன என்பார். கேட்கத்தான் செய்கின்றன, எங்கள் கம்பெனி விளம்பரத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் வளாகத்துக்கு வந்து நூறு பேரை அள்ளிக்கொண்டு போகும் பெரிய கம்பெனிகள் பல, எடுத்த பிறகு தாங்களே மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்துத்தான் வேலையில் விடுகின்றன. ஏழாவது எக்சர்சைஸை நம்பி அவர்கள் யாரையும் எடுப்பதில்லை. வேண்டுமானால் கடைசி செமஸ்டரில் விருப்பப் பாடமாக ரியாக்ட்டை வையுங்கள், நானே வந்து நடத்துகிறேன்.

கடைசியாக ஒரு தேர்வு. லேபில் ஒரு கணினியின் மவுஸைக் கழற்றிவிடுங்கள். மாணவர் தான் செய்த படிவத்தை டேப் விசையால் மட்டும் நிரப்பி அனுப்பிக் காட்ட வேண்டும். பட்டன் குறியைப் போட வேண்டிய இடத்தில் வெறும் பெட்டியான 'டிவ்' குறியைப் போட்டுச் சாயம் பூசியிருந்தால் டேப் அங்கே நிற்காமல் தாண்டிப் போகும், படிவம் போகாது. அப்புறம் என்விடிஏவை ஓடவிடுங்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருள், விலையில்லாதது. மானிட்டரை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். லேபிள் கட்டாத பெட்டிக்கு வந்ததும் அது 'எடிட்' என்று மட்டும் சொல்லும். பெயரா, பிறந்த தேதியா, ஆதார் எண்ணா, எதுவும் தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அணுகுதன்மையைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதுபவர்கள், அந்த 'எடிட்'டை ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். நான் முதல்முறை கேட்டது வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் கழித்து, ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில், நான் எழுதிய படிவத்தில். வரிசையாகப் பதினாறு 'எடிட்'. கேட்டுக்கொண்டிருந்தவர் பொறுமையாகப் பதினாறையும் தாண்டிவிட்டு, "தம்பி, இதுல எங்க என் பேரு எழுதறது?" என்று கேட்டார்.

2027இல் அந்தக் கல்லூரியில் அடுத்த திருத்தம் வரும். அழைத்தால் வருகிறேன். கவர் வேண்டாம். வெப் டெக்னாலஜி தாளை மட்டும் முதலில் எடுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால் கடைசித் தாளாக வேண்டாம். ஏழாவது எக்சர்சைஸில் மாட்டிக்கொண்ட அந்த மாணவி அதற்குள் படிப்பை முடித்திருப்பார். முடிந்தால் அவரையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அன்றைக்கு 'ரியாக்ட்' என்று சொன்னவன்